பூச்சியம் எழுதுகிறவள்

காலை எட்டரைக்கு மழைமானியைத் திறப்பேன்.
சில நாள் தேரை இருக்கும், சில நாள் எறும்பு.
நூற்றுப் பதினொரு நாளாகப் பூச்சியம்.
நீலப் பேனையால் எழுதி, கையொப்பம் வைத்து,
கந்தோருக்கு எடுத்துச் சொல்வேன்.
"பூச்சியமோ?"
"ஓம் ஐயா, பூச்சியம்."

அதே புத்தகத்தில், சில பக்கங்கள் முன்னால்,
ஒரே இரவு: முந்நூற்று எண்பத்திரண்டு மில்லிமீற்றர்.
அன்று இதைத் தலையில் வைத்துக்கொண்டு
கழுத்தளவு தண்ணிக்குள்ளால் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.
கடைசி இலக்கம் கரைந்திருக்கிறது.
மூன்றாகவும் இருக்கலாம்.

எங்கள் குளத்துக்கு இப்போது இரண்டே குணம்:
உடையும்,
இல்லாவிட்டால் வெடிக்கும்.

பேராற்றங்கரைக் காட்டுக்கு
அனுமதிப்பத்திரம் வந்துவிட்டதென்று தயாபரிதான் சொன்னாள்.
முதலில் மருதும் பாலையும் போகும். பிறகு மணல்.
மூன்று மகஜர் கொடுத்தோம்.
மூன்றுக்கும் ஒரே பதில்: கிடைக்கப்பெற்றது.

ஆகவே செவ்வாய்க்கிழமை
ஆற்றுக்குப் போகிற கிரவல் வீதியில் இருந்தோம்,
நாற்பத்தாறு பேர்.
கதிரைகள் செத்தவீட்டுக்குக் கொடுக்கிற கடையில் எடுத்தவை.
"ஆர் செத்தது?" என்று கடைக்காரன் கேட்டான்.
"இன்னும் இல்லை" என்றாள் றிஸ்மியா.
வாடகையில் பாதியைக் குறைத்தான்.

எங்களுடையது இருக்கத் தெரிந்த ஊர்.
காணிக்காக இருந்தோம்.
கொண்டுபோன பிள்ளைகளுக்காக இன்னமும் இருக்கிறோம்.
அந்தக் கொட்டகையிலிருந்து
ஒரு தறப்பாளைக் கழற்றித் தந்தா செபமாலையக்கா.
"நடுக்கயிறை இறுக்காதேங்கோ, காத்துக்குக் கிழியும்."
வேறொன்றும் சொல்லவில்லை.

முதல் டிப்பர் நிரோஜனுடையது.
என்னோடு ஆறாம் வகுப்பில் படித்தவன்.
லீசிங் காசு மாதம் எண்பத்தையாயிரம்.
ஹோர்ன் அடித்தான். இறங்கவில்லை,
எஞ்சினை நிறுத்தவுமில்லை.
நாலு மணித்தியாலம் அந்தப் புகை எங்கள் முகத்தில்.
ஒருவரும் ஒரு கல்லைத் தொடவில்லை,
வீதி முழுக்கக் கல்தான் என்றாலும்.
பின்னேரம் டீசல் முடிந்து தானாக நின்றது.
அதற்குப் பிறகுதான்
தறப்பாள் படபடக்கிறது கேட்டது.
தண்ணிப் போத்தலோடு இறங்கி வந்தான்.
எங்களுக்கில்லை, ரேடியேற்றருக்கு.

சார்ஜன்ட் தமிழில் கேட்டார்,
வழுக்கும் கல்லில் கால் வைத்து வைத்து
ஆறு கடப்பவர் போல:
"இது… யாருக்கு… எதிராக?"
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
முந்தி இருந்த எல்லா இருப்பிலும்
அந்த விடை எங்கள் கையில் இருந்தது.
இப்போது
பெயர் தெரியாத நகரங்களின் புகைபோக்கிகளுக்கா,
நிரோஜனின் லீசிங்குக்கா,
வானத்துக்கா?
தயாபரி எழும்பாமலே சொன்னாள்:
"கச்சேரியிலை ஒரு கையெழுத்து இருக்கு சேர்.
அதை வெட்டுமட்டும் இருப்பம்."

அரச ஊழியர் வீதியில் குந்தக்கூடாதாம்.
தாபனக்கோவையில் எழுதியிருக்கிறதாம்.
பெயர் கேட்டார்கள், பதவி கேட்டார்கள்.
மழைமானி வாசிப்பாளர், பகுதிநேரம் என்றேன்.
"வேலை போகும், தெரியுமோ?"
தெரியும்.
எட்டுப் பேரை ஏற்றச் சொன்னார்கள், நாங்களாகவே ஏறினோம்.
றிஸ்மியா மட்டும் கதிரைகளை எண்ணி அடுக்கிவிட்டு வந்தாள்.
ஒன்றுக்குக் கால் உடைந்திருந்தது.
அதற்குக் காசு கட்டவேணும்.

ஒட்டுசுட்டான் பொலிசில் இரவு.
யன்னலுக்குள்ளால் மண் மணத்தது.
எல்லோரும் எழும்பி இருந்தோம்.
யாரோ முற்றத்துக்குத் தண்ணி தெளித்திருக்கிறார்கள்.

விடிந்து எட்டரை.
பதினொரு வருடத்தில் முதல்தரம்
மானி திறபடாமல் நிற்கிறது.
காவலுக்கு நின்ற பொடியனின் போனை வாங்கி
கந்தோருக்கு எடுத்தேன்.
"இண்டைக்கு என்ன அளவு?"
"தெரியாது ஐயா.
நான் இஞ்சை இருக்கிறன்.
ஒருக்கா நீங்கள் போய்ப் பாருங்கோ."